34 வயதில் படி ஏற மூச்சு வாங்குகிறது, "வயசு" என்கிறார்கள்

செந்தூல்காரி

வணக்கம். இங்கே வெகு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், இன்றுதான் முதல் முறை எழுதுகிறேன். வயது 34, இரண்டு பிள்ளைகள், கோலாலம்பூரில் கே.எல்.சி.சி. பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. போன வியாழக்கிழமை சாயங்காலம் மஸ்ஜிட் ஜாமேக்கில் ரயில் மாறுவதற்காகப் படி ஏறிக்கொண்டிருந்தேன், பாதியில் கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் வந்த ஒரு மலாய்க்கார அம்மா என் பையை வாங்கிக்கொண்டு மேலே வரைக்கும் கூடவே வந்தார்.

வீட்டில் சொன்னால் மாமியார் "முப்பது தாண்டினால் அப்படித்தான்" என்கிறார். வேலையிடத்தில் சொன்னால் பக்கத்து மேசை அக்கா "எனக்கும் அப்படித்தான்" என்கிறார். அம்மாவும் அதையே சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது. எல்லாருக்கும் இருக்கிறது என்றால் அது வயசா, இல்லை எல்லாரும் ஒரே மாதிரி வாழ்ந்துகொண்டிருக்கிறோமா?

என் ஒரு நாளை அப்படியே எழுதுகிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள். காலை 5 மணிக்கு எழுந்து பிள்ளைகளுக்கும் கணவருக்கும் சமைத்துக் கட்டிக் கொடுத்து முடிக்க 6:40 ஆகிவிடும். நான் பசியாறுவதில்லை, நேரமில்லை. 10 மணிக்குக் கீழே இறங்கி ஒரு தே தாரிக் (கெட்டிப்பால் விட்ட தேத்தண்ணி), ஒரு கறிபாப் பலகாரம். மத்தியானச் சோறு 2 மணிக்கு, பெரும்பாலும் பொட்டலம், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே மேசையிலேயே, அதோடு ஒரு தே ஐஸ். வீடு சேர 7 மணி. சமைத்து, பிள்ளைகளுக்குக் கொடுத்து, வீட்டுப்பாடம் பார்த்து, எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பதை அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடும்போது 9:30. மீன் பொரித்திருந்தால் துண்டு பிள்ளைகளுக்குப் போய்விடும், எனக்குக் குழம்பு இருக்கும். படுக்க 12.

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. நகம் பிளக்கிறது. ஆனால் எடை மட்டும் 58லிருந்து 67 ஆகிவிட்டது. ஒழுங்காகச் சாப்பிடுவதே இல்லை, பிறகு எப்படி ஏறுகிறது என்பதுதான் புரியவில்லை.

கோப்பி_ஓ

சோற்றை நிறுத்துங்கள். அடியோடு. நான் மூன்று மாதத்தில் 6 கிலோ குறைந்தேன்.

தண்ணீர்மலை

கண் இருட்டிக்கொண்டு வரும் ஒருவரிடம் போய்ச் சோற்றை நிறுத்து என்று சொல்லலாமா? முதலில் ரத்தம் சோதிக்கட்டும், எடையைப் பிறகு பேசலாம்.

மிஸ்ஸி_அக்கா

தங்கச்சி, பினாங்கில் அரசாங்க கிளினிக்கில் 31 வருடம் மிஸ்ஸியாக (நர்ஸாக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் எழுதியதை வாசித்ததும் கிளினிக் வாசலில் உட்கார்ந்திருந்த நூறு முகம் ஞாபகம் வந்தது. ஆசிரியை, பேங்கில் வேலை செய்கிறவள், தொழிற்சாலைப் பெண், எல்லாரும் இதே வார்த்தைகளைத்தான் சொல்வார்கள்: களைப்பு, மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, வயசாகிவிட்டது போல.

இது வயசு இல்லை. 34 வயது நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் ஒரு மாடி ஏறுவது ஒரு பொருட்டே இல்லை. எனக்கு ரத்தச்சோகை என்றுதான் சந்தேகம், ஆனால் சந்தேகத்தை வைத்து மருந்து எடுக்காதீர்கள், பரிசோதனை செய்யுங்கள். நம் நாட்டில் 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 10 பேருக்கு 3 பேர் ரத்தச்சோகையோடு இருந்தார்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். கூடவே ஃபெரிட்டினும் பாருங்கள், அதுதான் உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும். பேங்க் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், முதலில் சேமிப்புக் கரையும், கடைசியில்தான் கைச்செலவுக் காசு குறையும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டிப் போய்க் களைத்துக் கிடக்கிறவர்கள் நிறையப் பேர். தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், களைப்பு, முடி, எடை மூன்றும் சேர்ந்து வருகிறதல்லவா.

இன்னும் மூன்று கேள்வி. வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள், இங்கே யாருக்கும் நீங்கள் யாரென்று தெரியாது.

மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது? ஒரு பேட் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நனைந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா?

சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பது தினமுமா?

ஐஸ் கடிப்பீர்களா? பச்சரிசி மெல்லுவீர்களா?

செந்தூல்காரி

அக்கா, கடைசிக் கேள்வியை வாசித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஐஸ் கடிப்பேன். தே ஐஸைக் குடித்து முடித்ததும் அடியில் இருக்கும் ஐஸை ஒன்றுவிடாமல் கடித்துத் தின்றுவிடுவேன், இப்போது ஆறேழு மாதமாக வீட்டிலும் ஃபிரிட்ஜில் ஐஸ் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். பல் கூசினாலும் நிறுத்த முடியவில்லை. அரிசி களையும்போது ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கமும் உண்டு. இதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருமே சொன்னதில்லை.

மாதவிலக்கு 8 நாள். முதல் மூன்று நாள் நீங்கள் சொன்ன மாதிரித்தான். சின்னவன் பிறந்த பிறகு அப்படி ஆகிவிட்டது, எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸி_அக்கா

எல்லாருக்கும் அப்படி இல்லை தங்கச்சி. 7 நாளுக்கு மேல் போவதும், கட்டியாகப் போவதும், இரவில் எழுந்து மாற்றுவதும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், ஸ்கேன் பார்த்தால் தெரியும். மாதா மாதம் இப்படிக் கசிந்துகொண்டே இருந்தால் எத்தனை முருங்கைக்கீரை தின்றாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

ஐஸ், பச்சரிசி, சிலேட்டுக்குச்சி, திருநீறு, சுவரில் இருக்கும் சுண்ணாம்பு. இப்படி எதையாவது மென்று தின்னத் தோன்றுவது இரும்புச்சத்து குறைந்த உடம்பு காட்டும் அடையாளம். நம் பாட்டிமார்கள் கர்ப்பிணி சாம்பல் தின்றால் "மசக்கை" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

தேத்தண்ணிக்கு வருகிறேன். நான் குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, மலேசியாவில் பிறந்துவிட்டு அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பாட்டோடு வேண்டாம். தேத்தண்ணி, கோப்பி இரண்டிலும் இருக்கும் துவர்ப்புச் சத்து, கீரை, பருப்பு, முட்டை இவற்றிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். அதற்குப் பதிலாகச் சாப்பாட்டோடு பாதி எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர், இல்லை பின்னால் ஒரு துண்டு கொய்யா. வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். ஒரே கீரைப் பொரியல்தான், தே ஐஸோடு தின்றால் ஒரு பலன், கொய்யாவோடு தின்றால் இன்னொரு பலன்.

எடை ஏன் ஏறுகிறது என்று கேட்டீர்களே. கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சீனிதான். ஒரு தே தாரிக்கில் இரண்டு பெரிய கரண்டி விழுந்தாலே சுமார் 20 கிராம் சீனி. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்து என்கிறது. நீங்கள் காலையில் பசியாறாமல் இருந்துவிட்டு 10 மணிக்கே ஏறக்குறைய அதை முடித்துவிடுகிறீர்கள், மத்தியானம் இன்னொன்று. "ஒழுங்காகச் சாப்பிடுவதே இல்லை" என்பது உண்மை, ஆனால் குடிக்கிறீர்கள்.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). இந்த வாரமே போங்கள். மறுபடி மயக்கம் வந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ வாரம் முடியக் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

பாலம்_தாண்டி

பிறையில் இருக்கிறேன், எதிர்க்கரையில் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, 12 மணி நேர ஷிப்ட், கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய் வருகிறேன். 38 வயது. செந்தூல் தங்கச்சி எழுதியதைப் பார்த்துவிட்டு நானும் எழுதலாம் என்று நினைத்தேன், ஏனென்றால் என் கதையில் சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் பெரிய விஷயம்.

நான் இருப்பது கிளீன் ரூம், தூசியே நுழையக் கூடாத அறை. தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை, பூட்ஸ். கழிவறைக்குப் போக வேண்டுமானால் எல்லாவற்றையும் கழற்றி, திரும்பி வந்து ஒன்றொன்றாக மாட்டி, காற்றடிக்கும் அறையைத் தாண்டி மெஷின் பக்கம் போய்ச் சேர 15 நிமிடம். அந்தப் 15 நிமிடம் என் இடத்தில் வேறு யாராவது நிற்க வேண்டும், அவளுக்கும் தன் மெஷின் இருக்கிறது. அதனால் என்ன செய்வோம் என்றால் தண்ணீரே குடிக்க மாட்டோம். நான் மட்டுமில்லை, எங்கள் லைனில் பாதிப் பெண்கள் அப்படித்தான். வருடத்துக்கு மூன்று முறை மூத்திர எரிச்சல், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு), ஆன்ட்டிபயாட்டிக். மூன்றாவது முறை டாக்டர் என் முகத்தைப் பார்த்து "தண்ணீர் குடிப்பதில்லையா?" என்று கேட்டபோது அழுகை வந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை இருந்தது, பிரசவத்தோடு சரியாகிவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு 6 வருடம் நான் பார்க்கவே இல்லை. போன மாதம் எங்கள் கம்பெனியில் வந்து ரத்தம் எடுத்தார்கள், ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1. மிஸ்ஸி அக்கா, இது சர்க்கரை நோயா இல்லையா? இரவு ஷிப்டில் 3 மணிக்குக் கேன்டீனில் கிடைப்பது நாசி கோரேங் (பொரித்த சோறு) ஒன்றுதான்.

மிஸ்ஸி_அக்கா

பாலம் தாண்டி வரும் தங்கச்சி, இன்னும் நோய் இல்லை, ஆனால் வாசல்படியில் நிற்கிறீர்கள். நம் நாட்டு அளவுப்படி 5.7க்குக் கீழே இருந்தால் சரி, 6.3 தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருப்பது முன்நிலை. ஒன்று கவனியுங்கள், இரும்புச்சத்துக் குறைந்த ரத்தச்சோகை இருந்தால் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதனால் நீங்களும் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றில் சர்க்கரையும் பாருங்கள்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னால் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. பிரசவமாகி 6 வாரத்தில் ஒருமுறை சீனித் தண்ணீர் கொடுத்துப் பார்க்க வேண்டும், பிறகு வருடா வருடம். ஆனால் 6 வாரத்தில் எந்தத் தாய்க்கு நேரம் இருக்கிறது? பிள்ளைக்கு ஊசி போட வந்துவிடுவார்கள், தனக்கு ரத்தம் எடுக்க வர மாட்டார்கள். இதை நான் 31 வருடமும் பார்த்தேன், கடைசி வரைக்கும் என்னால் மாற்ற முடியவில்லை. 2019 ஆய்வில் நம் மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 100 பேருக்கு 31 பேர் சர்க்கரையோடு இருந்தார்கள், எல்லா இனத்தையும்விட அதிகம். அதனால் நம் வீட்டுப் பெண்கள் இதைத் தள்ளிப் போடவே கூடாது.

இரவில் உடம்பு சர்க்கரையைச் சமாளிப்பது மந்தம், அதே சோற்றை மத்தியானம் தின்பதும் விடியற்காலை 3 மணிக்குத் தின்பதும் ஒன்றில்லை. முடிந்தால் பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்கு முன் வீட்டிலேயே முடித்துவிட்டு, 3 மணிக்கு இரண்டு அவித்த முட்டை, சுண்டல் ஒரு டப்பா, கொய்யா. சர்க்கரையும் அடங்கும், தூக்கமும் அவ்வளவு அமுக்காது. இடுப்பையும் அளந்து பாருங்கள், தொப்புள் பக்கம், நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. உயரத்துக்குச் சரியான எடை இருந்தும் இடுப்பு மட்டும் தாண்டிப் போகிற உடல்வாகு நமக்கு.

பூச்சோங்_அண்ணன்

நான் ஆண், எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்கு 36. செந்தூல் தங்கச்சி எழுதிய "மீன் துண்டு பிள்ளைகளுக்கு, எனக்குக் குழம்பு" என்ற வரியை வாசித்துவிட்டு நேற்று இரவு எங்கள் வீட்டில் கவனித்துப் பார்த்தேன். அப்படியேதான் நடக்கிறது. 12 வருடமாக என் எதிரில் நடந்திருக்கிறது, நான் பார்த்ததே இல்லை. நாங்கள் நால்வரும் மேசையில், அவள் சட்டியைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறாள். கேட்டால் "எனக்குப் பசியில்லை" என்கிறாள்.

என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

வடக்குக்கரை

அண்ணா, அவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்து முதலில் அவருக்குப் போட்டுவிட்டுப் பிறகு மற்றவர்களுக்குப் போடுங்கள். காலையில் பிள்ளைகள் டப்பாவை நீங்கள் கட்டுங்கள், அந்தப் 15 நிமிடம் அவர் உட்கார்ந்து பசியாறட்டும். இரும்பு மாத்திரைக்கு முன்னால் தேவைப்படுவது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பூச்சோங்_அண்ணன்

சரி. திங்கட்கிழமையிலிருந்து டப்பா என் பொறுப்பு.

கோப்பி_ஓ

நான் மேலே சோற்றை நிறுத்தச் சொன்னதற்கு ஒரு திருத்தம். மூன்று மாதத்தில் 6 கிலோ குறைந்தது உண்மை, நாலாவது மாதத்திலிருந்து தலைமுடி கொட்ட ஆரம்பித்ததை நான் எழுதவில்லை, இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சோற்றை விட்டுவிட்டு வேறு எதையும் சேர்க்காமல், கறுப்புக் கோப்பியைக் குடித்துக்கொண்டே ஓட்டினேன். அது போதாதென்று வேலையிடத்தில் ஒருவர் விற்ற "மெலிய வைக்கும் கோப்பி"யும் இரண்டு பாக்கெட் குடித்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, வாய் உலர்ந்துபோனது.

மிஸ்ஸி_அக்கா

அந்தக் கோப்பியை உடனே குப்பையில் போடுங்கள். இப்படி விற்பதில் பலவற்றில் சிபுட்ரமின் என்ற மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம் வரக்கூடியது என்றுதான் 2010இல் பல நாடுகளில் அந்த மருந்தையே சந்தையிலிருந்து எடுத்தார்கள். தோழி விற்கிறாள் என்பதற்காக நம் பெண்கள் நம்பி வாங்குகிறார்கள், விற்கிறவளுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, அவளும் குடிக்கிறாள்.

சோறு எதிரி இல்லை. தட்டில் கால்வாசி சோறு, கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ, பாதி காய்கறி. நம் சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செப்பாரோ" என்று சொல்வது இதைத்தான். நம் தட்டில் முக்கால்வாசி சோறு, ஒரு ஓரத்தில் இரண்டு கரண்டி காய், அதுவும் உருளைக்கிழங்கு.

தோட்டத்துப்_பேத்தி

எங்கள் ஆயா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். விடியற்காலை கேழ்வரகுக் கூழ், நெத்திலிக் கருவாடு, சின்ன வெங்காயம். லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரம். 70 வயதிலும் நிமிர்ந்து நடந்தார். நாம்தான் கெட்டுப்போய்விட்டோம், அந்தச் சாப்பாட்டுக்குத் திரும்பினால் பாதி நோய் போய்விடும் என்று நினைக்கிறேன்.

தண்ணீர்மலை

பேத்தி, சாப்பாட்டைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் ஒரு சிறு பங்குதான். நெத்திலியை முள்ளோடு தின்பதும் கால்சியம்தான். நமக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும், எலும்பின் பலம் 30 வயது வாக்கில் உச்சத்தைத் தொட்டுவிடும், அதற்குப் பிறகு இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை.

ஆனால் அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாரும் திடமாக இருந்தார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். தோட்டங்களில் கொக்கிப்புழு பெரும் தொல்லை, வெறுங்காலோடு மண்ணில் நடந்தவர்கள் உடம்பில் ஏறி ரத்தத்தைக் குடிக்கும், ரத்தச்சோகையில் பிரசவத்தோடு போன பெண்கள் எத்தனையோ பேர். நிமிர்ந்து நடந்த ஆயாக்கள் நமக்கு ஞாபகத்தில் இருக்கிறார்கள், என் அப்பாவின் அம்மா 29 வயதில் போனவர், அவர் என்ன சாப்பிட்டார் என்று சொல்லக்கூட யாருமில்லை. கூழையும் கீரையையும் எடுத்துக்கொள்வோம், பரிசோதனையையும் விடவேண்டாம்.

தோட்டத்துப்_பேத்தி

நீங்கள் சொல்வது புரிகிறது. என் ஆயாவுக்கே இரண்டு குழந்தைகள் தங்கவில்லை, அதை மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை_விரதம்

நான் பத்து வருடமாகச் சைவம். கீரை, பருப்பு எல்லாம் நன்றாகச் சாப்பிடுவேன், இரும்பும் சரியாக இருந்தது, ஆனால் போன வருடம் கால் விரல்கள் மரத்துப்போய், ஞாபகமறதி வேறு. பி12 மிகக் குறைவு என்று தெரிந்தது. பி12 தாவர உணவில் கிடைக்காது, முட்டை, பால், மீன், இறைச்சியில்தான். நான் பாலும் அதிகம் எடுப்பதில்லை, தேத்தண்ணியில் விடுவது கெட்டிப்பால். ஊசி போட்டு, இப்போது மாத்திரையில் இருக்கிறேன். புரட்டாசி ஒரு மாதம் விரதம் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம், உடம்பில் சேமிப்பு வருடக் கணக்கில் தாங்கும். நிரந்தரச் சைவர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபோர்மின் எடுப்பவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த மாத்திரையும் பி12ஐக் குறைக்கும்.

கோப்பி_ஓ

உடற்பயிற்சி பற்றி யாரும் பேசவில்லையே. நேரம் எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

வடக்குக்கரை

முப்பதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும், நாம் ஒன்றும் செய்யாவிட்டால். தசை குறைந்தால் சர்க்கரையைச் செலவழிக்கும் இடமும் குறைகிறது. நடை நல்லது, ஆனால் நடை மட்டும் போதாது, தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். நான் செய்வது இவ்வளவுதான்: அடுப்பில் சோறு வேகும்போது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 15 முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி 15. கையில் 2 லிட்டர் எண்ணெய் போத்தல் ஒவ்வொன்று. மாதம் ஒருமுறை பினாங்கில் தண்ணீர்மலைக் கோவில், 513 படி. ஆரம்பத்தில் நாலு இடத்தில் உட்கார்ந்தேன், இப்போது ஒரே இடத்தில். கே.எல். ஆட்களுக்கு பத்துமலையில் 272 இருக்கிறது. ரத்தச்சோகை இருப்பவர்கள் அது சரியான பிறகு ஏறுங்கள்.

நேரம் என்று கேட்டீர்கள். வேலைச் சட்டப்படி தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும், வாரத்துக்கு 45 மணி நேரம்தான், 2023 ஜனவரியிலிருந்து. மேசையிலேயே பொட்டலத்தைப் பிரித்துத் தின்கிறவர்கள் அந்த அரை மணி நேரத்தைத் தாங்களாகவே முதலாளிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது 12:30க்கு எழுந்துவிடுவேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பாலம்_தாண்டி

லைனில் நிற்கிறவர்களுக்கு அப்படி எழுந்து போக முடியாது வடக்குக்கரை. ஆனால் ஒன்று செய்தோம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து சூப்பர்வைசரிடம் பேசினோம், என் மூத்திரத் தொற்றுக்கு வாங்கிய எம்.சி. மூன்றையும் மேசையில் வைத்தேன். இப்போது ஷிப்டுக்கு ஒரு ஆள் மாற்றுக்கு நிற்கிறாள், இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை முறை வைத்து வெளியே போகிறோம். ஒரு முறைக்கு அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போகிறேன்.

மிஸ்ஸி_அக்கா

நல்ல வேலை செய்தீர்கள்.

இன்னொரு விஷயம் மறந்துவிடுவதற்குள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி 2010இல்தான் பள்ளிகளில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். அதாவது இன்றைக்கு முப்பது தாண்டியவர்களுக்குப் பள்ளியில் அது கிடைக்கவில்லை. அதனால் நாம்தான் பரிசோதனைக்குப் போக வேண்டிய தலைமுறை. இப்போது எச்.பி.வி. (அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமி) பரிசோதனைக்கு மாதிரியை நாமே எடுத்துக் கொடுக்கலாம், வெட்கத்துக்கு இடமே இல்லை. ரத்தம் எடுக்கப் போகும் அதே நாளில் அதையும் கேட்டுவிடுங்கள்.

செந்தூல்காரி

மூன்று மாதம் கழித்து வந்திருக்கிறேன், மன்னிக்கவும்.

அன்று வெள்ளிக்கிழமையே போனேன். ஹீமோகுளோபின் 8.9, ஃபெரிட்டின் 5. டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு "எப்படி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். ஸ்கேனில் 4 சென்டிமீட்டர் நார்க்கட்டி. இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்று ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், மாதவிலக்கு நாட்களில் மட்டும். இரும்பு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், எலுமிச்சைத் தண்ணீரோடு. முதல் இரண்டு வாரம் வயிறு பிடித்துக்கொண்டது, மலம் கறுப்பாகப் போனது, அது இயல்பு என்றார்கள். தாங்க முடியாமல் போனபோது ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கச் சொன்னார், அதுவும் நன்றாகவே உடம்பில் சேருமாம்.

தேத்தண்ணி இப்போது சாயங்காலம் 4 மணிக்கு ஒன்றே ஒன்று, சீனி குறைத்து. முதல் வாரம் தலைவலி, பிறகு பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டி சுண்டலும், 10 முட்டையும் அவித்து வைத்துவிடுகிறேன். பசாரில் கோழி ஈரல் மலிவு, வாரத்துக்கு ஒருமுறை மிளகு போட்டு வதக்குகிறேன். மீன் பொரித்தால் ஐந்து துண்டு, மாமியாருக்கும் சேர்த்து, எனக்கும் ஒன்று. சின்னவன் முதல் நாள் என் தட்டைப் பார்த்து "அம்மா, இன்றைக்கு உங்களுக்கும் மீனா?" என்று கேட்டான். பதில் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

நேற்று எடுத்த ரத்தத்தில் 11.7. இன்னும் 12 ஆகவில்லை. ஆனதும் இன்னும் மூன்று மாதம் மாத்திரையை விடாமல் எடுக்க வேண்டுமாம், சேமிப்பு நிரம்ப. ஐஸ் கடிக்கும் ஆசை இரண்டாவது வாரமே போய்விட்டது, எப்போது நின்றது என்றுகூடத் தெரியவில்லை. ஒரு நாள் ஃபிரிட்ஜைத் திறந்தபோது தட்டில் ஐஸ் அப்படியே இருந்தது.

பக்கத்து மேசை அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு 9.6.

மிஸ்ஸி_அக்கா

நல்லது தங்கச்சி, மிகவும் நல்லது. ஈரல் வாரத்துக்கு ஒருமுறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மறுபடி பிள்ளைக்குத் திட்டமிட்டால் அப்போது ஈரலை விட்டுவிடுங்கள், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். ஃபெரிட்டினை அடுத்த முறை மறக்காமல் கேட்டுப் பாருங்கள்.

பாலம்_தாண்டி

நான் இன்னும் மறுபரிசோதனைக்குப் போகவில்லை அக்கா, உங்களிடம் மறைக்க மாட்டேன். வியாழக்கிழமை காலை இரவு ஷிப்ட் முடிந்து பிறையில் இறங்கியதும் நேரே கிளினிக் போகிறேன். சாப்பிடாமல் போக வேண்டுமா?

மிஸ்ஸி_அக்கா

ஹெச்பிஏ1சிக்குத் தேவையில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்க 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், அதனால் அன்று 3 மணிச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஷிப்டுக்கு முன் நன்றாகச் சாப்பிட்டுப் போங்கள். பசி தாங்காமல் தலை சுற்றினால் சாப்பிட்டுவிடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம். தண்ணீர் குடிக்கலாம். கர்ப்ப காலத்து சிவப்புப் புத்தகம் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

பாலம்_தாண்டி

அலமாரியில் இருக்கிறது. எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.